பிக் எண்ட் இரண்டாம் முறை போனது ஏன்? பழைய புல்லட் எஞ்சினை வீட்டில் பிரித்துக் கட்டிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே நிறுத்தி அணையைப் பார்த்துவிட்டு மறுபடி கிளம்பினோம். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றி ஆக்சிலரேட்டரைத் திறந்ததும் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கட்டையால் மரப்பெட்டியைத் தட்டுவது போல, கனமாக, டொக் டொக் என்று. ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் நின்றது. திறந்தால் வந்தது.

புல்லட்டில் சத்தம் இருக்கத்தான் செய்யும். டேப்பெட் சத்தம், பிரைமரி செயின் சத்தம், பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம், எல்லாம் காதுக்குப் பழகியவை. பிஸ்டன் சத்தம் எஞ்சின் சூடானதும் குறையும், ஏனென்றால் பிஸ்டன் விரிந்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். இது நேர் எதிராக இருந்தது. சூடு ஏற ஏற, பாரம் ஏற ஏறக் கூடியது. ஆயில் சூட்டில் இளகி, பிக் எண்டில், அதாவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு சுழலும் கிராங்க்கோடு சேரும் கீழ் மூட்டில், அதன் படலம் தாங்காமல் போகும்போது வரும் சத்தம் இப்படித்தான் இருக்கும். அதற்கு மேல் ஒரு வளைவுகூட ஏற்றவில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஒரு குட்டியானை வரவழைத்து, வண்டியை ஏற்றி, கோவை கொண்டு வந்து சேர்த்தோம்.

குட்டியானைக்காக லோம்ஸ் காட்சிமுனையில் காத்திருந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹெட்டில் வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்திப் பார்த்தேன். ஆயில் வந்தது. ஆயில் வருகிறது, அப்படியானால் பம்ப் வேலை செய்கிறது, ஆகவே இது ஆயில் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு தவறு. ஏன் தவறு என்று புரிய மூன்று வாரம் ஆனது.

வண்டியின் முன்கதை

1987இல் அப்பா வாங்கிய புல்லட் 350. வலது கால் கியர், இடது கால் பிரேக். காஸ்ட் அயர்ன் எஞ்சின் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியக் கலவை. போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி, சக்தி 18 குதிரைத் திறன். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு உருவான வடிவம் இது. 1955இல் ராயல் என்ஃபீல்டு கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர, 1956இல் திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கியது. ரெட்டிச்சில் கம்பெனியே மூடிய பிறகும் இங்கே அதே எஞ்சின், அடிப்படை மாறாமல், அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அதனால்தான் இன்றும் இதற்குப் பாகம் கிடைக்கிறது, தெரிந்த கைகளும் கிடைக்கின்றன.

மெதுவாகச் சுற்றும், நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின். மணிக்கு 60, 65 கிலோமீட்டரில் நாள் முழுக்க, இரண்டு பேரையும் மூட்டையையும் சுமந்துகொண்டு அலுக்காமல் போகும். அப்பா இதில் அம்மாவை உட்கார வைத்து ராமேஸ்வரம் வரை போய் வந்திருக்கிறார். நான் மூணாறு, ஊட்டி, கொல்லிமலை என்று மலை மலையாகச் சுற்றியிருக்கிறேன்.

இந்த நிகழ்வுக்கு இரண்டு வருடம் முன்னால் எஞ்சினை ஒரு முறை முழுதாக இறக்கியிருந்தோம். அப்போது பிக் எண்ட் போனது வயதால். அதில் வியக்க ஒன்றுமில்லை. ஒரு பட்டறையில் கொடுத்து, புது கனெக்டிங் ராடு கிட் போட்டு, சிலிண்டரை 0.5 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போர் செய்து வாங்கினோம். வேலை நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு குறை: அறுநூறு கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சினின் வலது பக்க மூடியான டைமிங் கவரின் அடி ஓரத்திலிருந்து ஆயில் சொட்ட ஆரம்பித்தது. ராத்திரி நிறுத்தினால் காலையில் ஒரு ரூபாய் காசு அளவுக்குக் கறை. வீட்டு முன்புறம் அப்போதுதான் புது டைல்ஸ் போட்டிருந்தோம். திரும்பக் கொண்டு போய், "இந்தக் கசிவு ஒரு சொட்டுகூட வரக் கூடாதுங்ணா, எப்படியாவது நிறுத்திக் குடுங்க" என்று கேட்டது நான். நிறுத்திக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட வரவில்லை. அதிலிருந்து வால்பாறைச் சாலையில் சத்தம் கேட்ட நாள் வரை ஓடியது சுமார் 8,400 கிலோமீட்டர்.

புதிதாகப் போட்ட பிக் எண்ட் அந்தத் தூரத்தில் போகக் கூடாது. இந்த முறை பாகம் வாங்கும் முன் காரணத்தைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். எஞ்சினை வீட்டிலேயே இறக்கினேன். பட்டறையில் கொடுத்தால் அவர்கள் பாகத்தை மாற்றித் தருவார்கள். எனக்கு வேண்டியது பிரிக்கும்போது ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருந்தது என்ற சாட்சி.

பிரித்தபோது கண்டது

முதலில் ஹெட்டையும் சிலிண்டரையும் மட்டும் கழற்றினேன். பிஸ்டனை மேல் உச்சிக்குக் கொண்டு வந்து, ஒரு மரத்துண்டை வைத்துக் கையால் அழுத்தினால், கிராங்க் அசையாமலே பிஸ்டன் ஒரு நூல் இறங்கியது. விட்டு ராடைப் பிடித்துத் தூக்கினால் ஏறியது. பிக் எண்ட் ராடு பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், அது இயல்பு. மேலும் கீழும் உணரும்படி ஆடவே கூடாது. சத்தத்துக்குக் காரணம் இதுதான் என்பது அந்த ஒரு நிமிடத்திலேயே உறுதி.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்கினோம். நானும் தம்பியும் அப்பாவும். பழைய லாரி டயர் ஒன்றைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார வைத்தோம். எஞ்சின் சாயாமல் நிற்க அதைவிட நல்ல ஸ்டாண்டு எனக்குக் கிடைக்கவில்லை. கழற்றுகிற ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனித்தனி டப்பாவில் போட்டு, அட்டையில் பெயர் எழுதி ஒட்டினேன். டைமிங் பக்கம் கிராங்க் நுனியில் இருக்கும் வார்ம் நட் (ஆயில் பம்பை ஓட்டும் திருகுப் பல்) இடது திருகு, சாதாரண நட்டுக்கு எதிர்த் திசையில் கழலும். தெரியாமல் முறுக்கினால் கிராங்க் நுனியே கெட்டுவிடும். அதன் மேல் சிவப்பு மையால் அம்புக்குறி போட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்பேனரை வைத்தேன்.

கிராங்க் கேஸிலிருந்து பழைய பேரிங்குகளை எடுக்கச் சூடு வேண்டும். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், விரிந்தால் பேரிங் தானாக வழுக்கி விழும். கேஸ் அடுப்புத் தீயை நேரடியாகக் காட்டினால் ஒரு பக்கம் மட்டும் சூடேறிக் கோணிவிடும் என்ற பயம். விசேஷத்துக்குச் சோறு வடிக்கும் அண்டாவை இறக்கி, பின்கட்டில் விறகு வைத்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கேஸை அதில் இறக்கினோம். கால் மணி நேரம். கனத்த கையுறையோடு எடுத்து மரப்பலகையில் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டியதும் பேரிங் டொப்பென்று விழுந்தது. சுத்தியல், உளி எதுவும் தேவைப்படவில்லை. அம்மா அந்த அண்டாவை மூன்று முறை புளி போட்டுத் தேய்த்தார்கள்.

லேத்து பட்டறையில்

கிராங்க்கைப் பிரிப்பதும் சேர்ப்பதும் வீட்டு வேலை இல்லை. இரண்டு கனமான சக்கரங்கள், நடுவே ஒரு பின், அந்தப் பின்னில் ராடு. சேர்த்த பிறகு இரண்டு பக்கத் தண்டும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். கோவையில் கணபதி பக்கம் ஒரு லேத்து பட்டறை. பம்புசெட் வேலையிலேயே தலை நரைத்த பெரியவர். பிரஸ்ஸில் வைத்துக் கிராங்க்கைப் பிரித்து, பின்னைத் துணியால் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ஆயில் ஊத்தித்தான ஓட்டுனீங்க?"

"ஊத்தித்தானுங்ணா. வாரா வாரம் லெவல் பாத்துருவேன். மாத்துறதும் நேரத்துக்கு மாத்திருக்கேன்."

"டேங்க்ல இருந்து என்னங் பிரயோசனம்? பின்னுக்கு வந்து சேரலீங்ளே."

பின்னை என் கையில் கொடுத்தார். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் பூத்திருந்தது, அடுப்பில் காய்ந்த தோசைக்கல் ஓரத்தில் தெரியுமே அந்த நீலம். எஃகு அந்த நிறத்துக்கு வர வேண்டுமென்றால் முந்நூறு டிகிரியை ஒட்டிச் சூடு ஏறியிருக்க வேண்டும். ஆயில் படலம் இருக்கிற இடத்தில் அந்தச் சூடு வராது.

இந்த இடத்தில் பிக் எண்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினில் ராடுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு மிதக்கும் புஷ் (குழல் போன்ற வளையம்) இருக்கிறது. ராடிலும் இறுகாது, பின்னிலும் இறுகாது. உள்ளும் புறமும் ஒயிட் மெட்டல் பூச்சு. இரண்டு பக்கமும் ஆயில் படலத்தில் மிதந்தபடி, பின்னின் வேகத்துக்கும் ராடின் அசைவுக்கும் இடைப்பட்ட ஒரு வேகத்தில் தானும் சுற்றும். உரசும் வேகம் இரண்டு படலங்களுக்கும் பங்காகிவிடுவதால் தேய்மானம் குறைவு, சத்தமும் குறைவு. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. ஆனால் அது முழுக்க முழுக்க ஆயிலின் அழுத்தத்தை நம்பியிருக்கிறது. ரோலர் பேரிங் கொஞ்சம் ஆயில் தெறித்தாலே சமாளித்துக்கொள்ளும். மிதக்கும் புஷ்ஷுக்கு அந்தச் சமாளிப்பு கிடையாது. என் புஷ்ஷில் உட்பக்கப் பூச்சு பாதி வழித்து எடுத்தது போல் போயிருந்தது, வெளிப்பக்கம் ஓரளவு மிச்சம் இருந்தது.

"ரோலர் கிட் போட்டுருங் தம்பி, தொந்தரவு விட்டுது" என்றார் பெரியவர். நிறையப் பேர் அப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள், அதில் தவறும் இல்லை. நான் ஒரு வாரம் யோசித்துவிட்டு மிதக்கும் புஷ்ஷே போடச் சொன்னேன். ஆயில் வரத்துக் குறைவதுதான் நோய் என்றால், ரோலர் போட்டால் அந்த நோய் இன்னும் பத்தாயிரம், பதினைந்தாயிரம் கிலோமீட்டர் வெளியே தெரியாமல் கிடக்கும். பிறகு வேறு எங்காவது காட்டும். முதலில் ஆயில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் இந்தப் புஷ்ஷே போதும். பெரியவர் அதை ஏற்றுக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: "காரணம் கண்டுபிடிச்சப்புறம் வாங்க. அது வரைக்கும் இது இங்கயே கெடக்கட்டும்."

காரணத்தைத் தேடியது

புல்லட்டில் ஆயில் போகும் வழி இதுதான். கிராங்க் கேஸின் பின்பக்கத்திலேயே ஆயில் டேங்க், சுமார் இரண்டேகால் லிட்டர். கிராங்க் நுனியில் இருக்கும் வார்ம், இரண்டு பம்புகளையும் ஓட்டும் தண்டைச் சுற்றுகிறது. ஒன்று அனுப்பும் பம்ப். அது டேங்கிலிருந்து எடுத்து, ஃபெல்ட் ஃபில்டர் வழியாக, டைமிங் கவருக்குள் துளைத்திருக்கும் பாதையில் கிராங்க் நுனிக்குத் தள்ளும். அங்கிருந்து தண்டின் துளை, சக்கரத்தின் துளை, பின்னின் துளை, கடைசியில் பிக் எண்ட். சிந்திய ஆயில் கீழே தேங்கும். இரண்டாவது, திருப்பும் பம்ப். கீழே தேங்கியதை எடுத்து டேங்குக்கு அனுப்பும். போகிற வழியில் ராக்கர்களுக்கும் ஆயில் கொடுப்பது இந்தப் பம்புதான்.

இந்தக் கடைசி வரியை நான் அதற்கு முன்னால் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். எஞ்சின் தரையில் துண்டு துண்டாகக் கிடந்தபோதுதான் அதன் அர்த்தம் உறைத்தது. லோம்ஸ் காட்சிமுனையில் ராக்கர் குழாயைத் தளர்த்தி நான் பார்த்தது திரும்பி வரும் ஆயிலை. பிக் எண்டுக்கு அழுத்தத்தோடு போகிறதா என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை. இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் பலரும், சில நல்ல மெக்கானிக்குகளும்கூட, ராக்கரில் ஆயிலைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறோம். தயவுசெய்து அதோடு நிறுத்தாதீர்கள்.

சரி, அனுப்பும் வழியில் எங்கே தடை? பம்ப் டிஸ்க்குகளை எடுத்து, கண்ணாடிப் பலகையில் மை தடவி வைத்துப் பார்த்தேன். தட்டையாக, முழு வட்டமாக மை ஒட்டியது. ஸ்பிரிங்குகள் சரி. ஃபில்டர் சுத்தம், அடைப்பு இல்லை. கவரின் பாதையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்றடித்தேன், மறுமுனையில் பீய்ச்சியது. கிராங்க்கின் துளைகளும் திறந்தே இருந்தன. இரண்டு நாள் இப்படியே போனது. எல்லாம் சரியாக இருக்கிறது, பின் மட்டும் நீலம் பூத்திருக்கிறது.

மூன்றாம் நாள் டைமிங் கவரில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கை, அதாவது கசியாமலிருக்க இடையில் வைக்கும் தாளை, பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிடத் தடிமனாக இருக்கிறதே என்று தோன்றியது. ஒரு மூலையில் பிளேடின் முனை உள்ளே இறங்கியதும் பேக்கிங் ஓலை பிரிவது போல இரண்டாகப் பிரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேக்கிங். நடுவிலும் மேலும் கீழும் பசை. நான் கேட்டபடி கசிவை நிறுத்தியது இதுதான்.

அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேக்கிங் போட்டா கவர் வெளிய தள்ளி நிக்குமேடா" என்றார்.

கவர் வெளியே தள்ளி நின்றால் என்ன ஆகும்? கவருக்கும் கிராங்க் நுனிக்கும் நடுவே ஒரு கார்க் வாஷர் இருக்கிறது. கவரில் அசையாமல் நிற்கும் பாதையிலிருந்து சுற்றுகிற கிராங்க்குக்குள் ஆயில் தாவும் இடம் அது. கார்க் நன்றாக அழுந்தியிருந்தால்தான் ஆயில் வேறு வழியில்லாமல் கிராங்க்குக்குள் போகும். அழுத்தம் குறைந்தால் ஓரமாக வழிந்து டைமிங் அறைக்குள் விழுந்து, அங்கிருந்து அமைதியாக டேங்குக்கே திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டு வராது. டேங்கில் லெவல் குறையாது. ராக்கருக்குக்கூட கொஞ்சம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஊகம் போதாது, அளந்து பார்க்க வேண்டும். தம்பி மகளிடம் கேட்டு விளையாட்டுக் களிமண் கொஞ்சம் வாங்கினேன், ரோஸ் நிறம். கார்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் களிமண்ணை உருட்டி வைத்து, பழைய இரண்டு பேக்கிங்குகளையும் இடையில் கொடுத்து, கவரை முழுதாக முடுக்கினேன். கழற்றி, அழுந்திய களிமண்ணை பிளேடால் குறுக்கே வெட்டி, வெர்னியரில் அதன் தடிமனைப் பார்த்தேன். பழைய கார்க்கின் தடிமனைவிட அரை மில்லிமீட்டர் அதிகம். அதாவது கார்க் கிராங்க் நுனியைத் தொடவே இல்லை. புதிதாக இருந்தபோது லேசாகத் தொட்டிருக்கலாம். சூட்டிலும் உரசலிலும் இறுகித் தேய்ந்த பிறகு அதுவும் இல்லை. மெல்லிய பேக்கிங் ஒன்று மட்டும் வைத்து, புதுக் கார்க்கோடு கணக்குப் போட்டால், கார்க் ஒரு மில்லிமீட்டர் அழுந்தும்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே தெரிந்த கசிவை நிறுத்தச் சொன்னது நான். அந்தப் பட்டறை நான் கேட்டதைச் செய்து கொடுத்தது. வெளியே போன சொட்டு உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான்.

மறுபடி கட்டியது

பெரியவரிடம் போய்க் களிமண் துண்டுகளைக் காட்டினேன். இரண்டையும் விரலில் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் புது ராடு கிட்டை எடுத்துப் பிரஸ் பக்கம் போனார். அதைவிடப் பெரிய ஒப்புதல் எனக்குத் தேவைப்படவில்லை.

பின்னை இறக்கும் முன் அதன் துளையும் சக்கரத்தின் துளையும் நேராக இருக்கின்றனவா என்று ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். சேர்த்த பிறகு ஆயில் கேன் மூக்கைத் தண்டு நுனியில் வைத்து அழுத்தினார், ராடின் இரண்டு பக்கமும் ஆயில் கசிந்தது. அப்புறம்தான் நேர்பார்ப்பது. இரண்டு முனைகளிலும் சென்டர் கொடுத்து, டயல் கேஜை வைத்துச் சுற்றி, முள் அதிகம் ஏறும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, செம்புச் சுத்தியலால் சக்கரத்தின் விளிம்பில் ஒரு அடி. மறுபடி சுற்றிப் பார்த்து மறுபடி ஒரு அடி. ரெண்டு தௌவுக்குள், அதாவது 0.05 மி.மீட்டருக்குள் இருந்தால் போதும் என்பார்கள். அவர் ஒரு தௌவுக்குக் கொண்டு வந்துதான் கீழே வைத்தார். முக்கால் மணி நேரம் ஆனது, நடுவில் வந்த டீ ஆறிப்போனது.

சிலிண்டரில் மேல்பகுதி 70.66 மி.மீ., அடிப்பகுதி 70.54. தேய்மானம் எல்லை தாண்டியதால் 71.00க்குப் போர் செய்து, ஹோன் பண்ணி (கல்லால் உட்சுவரில் நுண்கோடுகள் போட்டு) வாங்கினேன். பிஸ்டன் இடைவெளி 0.10 மி.மீ. கேட்டேன். ஊருக்குள் ஓட்டுகிற வண்டிக்கு இது கொஞ்சம் தாராளம். வெயிலில் பாரத்தோடு மலை ஏறுகிற காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு நான் சீஸ் ஆகும் (பிஸ்டன் சூட்டில் இறுகி நின்றுவிடும்) அபாயத்தைவிட லேசான பிஸ்டன் சத்தத்தை ஏற்றுக்கொள்வேன். ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக நிறுத்தி, ஃபீலர் கேஜில் வாய் 0.40 மி.மீ. வரும்வரை மெல்லிய அரத்தால் தேய்த்தேன்.

ஹோன் செய்த சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். போதாது. கோடுகளுக்குள் தங்கிய கல்தூள் சோப்பு நீருக்குத்தான் வரும். சூடான தண்ணீரும் துணி சோப்பும் வைத்து, அப்பாவின் பழைய வெள்ளை வேட்டித் துண்டால் தேய்த்தேன். முதல் துண்டு கறுப்பாக வந்தது, ஐந்தாவது சாம்பல் நிறம், ஒன்பதாவதில்தான் வெள்ளை வெள்ளையாகவே வந்தது. உடனே துடைத்து ஆயில் பூசினேன். வார்ப்பிரும்பு, விட்டால் பத்து நிமிடத்தில் துரு ஏறும்.

ஹெட்டில் இன்லெட் வால்வு கைடு மாற்றி, இரண்டு வால்வுகளையும் பேஸ்ட் வைத்து லேப் செய்து, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிச் சோதித்தேன். கசியவில்லை. பேரிங்குகள் எல்லாம் புதிது. அதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கிராங்க் கேஸை மூடிய பிறகு, சிலிண்டரை ஏற்றும் முன், ஒரு சோதனை. முழு வேலையிலும் முக்கியமான ஒரு மணி நேரம் என்று இதைத்தான் சொல்வேன். புதுக் கார்க்கை ஒரு ராத்திரி ஆயிலில் ஊற வைத்திருந்தேன். அதை உட்கார வைத்து, ஒரே ஒரு மெல்லிய பேக்கிங்கோடு, பசை எதுவும் இல்லாமல் டைமிங் கவரை மூடினேன். டேங்கில் ஆயில் ஊற்றினேன். தம்பி இடது பக்கம் ஸ்பேனரைப் போட்டுக் கிராங்க்கைச் சுற்ற, நான் ராடைக் கையில் தாங்கிக்கொண்டு கிராங்க் கேஸ் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்ப் கிராங்க்கைவிடப் பல மடங்கு மெதுவாகச் சுற்றும், அதனால் பொறுமை வேண்டும். நூறு சுற்று, ஒன்றுமில்லை. இருநூறு, ஒன்றுமில்லை. தம்பி கை மாற்றிக்கொண்டான். திடீரென்று ராடுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு மினுமினுப்பு. பிறகு தேன் நிறத்தில் ஒரு கோடு, விளிம்பைச் சுற்றி மெதுவாகத் திரண்டு, ஒரு துளியாகிக் கீழே விழுந்தது. இன்னும் பத்துச் சுற்றில் அடுத்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார், வெகுநேரம் நிமிரவே இல்லை.

மிச்சமெல்லாம் தெரிந்த வேலை. சர்கிளிப் விழுந்துவிடாமல் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைத்துப் பிஸ்டன், இரண்டு பேர் சேர்ந்து சிலிண்டர், பிறகு ஹெட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராட் மேலும் கீழும் ஆடாமல், விரலால் உருட்டினால் உருளும்படி டேப்பெட். தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி 0.38 மி.மீ. தீப்பொறி டைமிங்குக்குப் பிஸ்டன் மேல் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்க, பாயிண்டுக்கு நடுவே மெல்லிய டிஷ்யூ தாள் துண்டை வைத்து, அது எப்போது விடுபடுகிறது என்று பார்த்து முடுக்கினேன்.

ஓட்டிப் பார்த்தது

டிகம்ப்ரசரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் லிவர்) அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் விட்டு, ஒரு மிதி. இரண்டாவது மிதியில் பிடித்தது. முதல் நாள் நின்ற இடத்தில் ஓட விடாமல், உடனே ரோட்டுக்குக் கொண்டு போனேன். ஐடிலில் வெறுமனே சுற்றினால் ரிங் சிலிண்டரோடு சேராது. முதல் 500 கிலோமீட்டர் 50க்கு மேல் போகவில்லை, அதே சமயம் ஒரே வேகத்திலும் ஓட்டவில்லை. ஏற்றி, இறக்கி, அடிக்கடி நிறுத்தி ஆற விட்டு ஓட்டினேன். 100 கிலோமீட்டரிலேயே முதல் ஆயிலை இறக்கினேன், வெள்ளித் தூள் கலந்தது போல மினுக்கியது. 500இல் இறக்கியது கிட்டத்தட்டச் சுத்தம்.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் டைமிங் கவரை ஒரு முறை திறந்து கார்க்கைப் பார்த்தேன். கிராங்க் நுனியின் வட்டம் அதன் மேல் முழுதாக, ஓரம் உடையாமல் பதிந்திருந்தது. புதுப் பேக்கிங் ஒன்று போட்டு மூடினேன். இனி ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் அதைத் திறந்து பார்ப்பதாக உத்தேசம், கார்க் இறுகியிருந்தால் மாற்றிவிடுவேன்.

போன மாதம் மறுபடி வால்பாறை. பின்னால் தம்பி, இரண்டு பக்கமும் பை. ஒன்பதாவது வளைவில் நிறுத்தவில்லை. நாற்பதாவது வளைவு தாண்டி, தேயிலைத் தோட்டம் தொடங்கும் இடத்தில்தான் நிறுத்தினோம். அதே மூன்றாவது கியர், அதே பாரம். அடியிலிருந்து சத்தம் இல்லை. பிஸ்டன் மட்டும் லேசாகப் பேசியது.

டைமிங் கவரின் அடி ஓரத்தில் இப்போதும் ஆயில் கசிகிறது. ராத்திரி நிறுத்தினால் காலையில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு. டைல்ஸ் மேல் பழைய பிஸ்கட் டின் மூடி ஒன்றை வைத்திருக்கிறேன்.